கதிரியக்க மருந்து ஏற்றிக்கொண்டால் பின்னால் பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ஸ்கேனுக்காகக் கதிரியக்க மருந்து ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், பலருக்கு முதலில் எழும் கேள்வி தன் உடம்பைப் பற்றியதாக இருப்பதில்லை. "நாளைக்கு எனக்குப் பிறக்கிற குழந்தைக்கு இதனால ஏதாவது ஆயிடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். தைராய்டு நோய்கள் இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுவதால், கல்யாணம், குழந்தை என்று யோசிக்கிற அதே வயதில்தான் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் வந்து குறுக்கே நிற்கிறது. இந்தப் பயத்திலேயே தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தள்ளிப்போடல்தான் பல நேரங்களில் உண்மையான ஆபத்து என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருத்தரிப்பதற்கு முன் பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் பிள்ளைகளுக்கு மரபுவழி நோய் வந்தது என்று மனிதர்களில் இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. அணுகுண்டு விழுந்த ஊர்களில் உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளிடம்கூட அப்படி நிறுவப்படவில்லை. ஆனால் வயிற்றில் குழந்தை இருக்கும்போது அதே மருந்து உள்ளே போனால் அது முற்றிலும் வேறு விஷயம், அங்கே பயப்படுவதற்குச் சரியான காரணம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத இடத்தில் பயமும் தேவையான இடத்தில் அலட்சியமும் வருகிறது.

எனவே முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். கதிர்வீச்சு ஒரு செல்லின் டிஎன்ஏவைத் தாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த செல் தோலிலோ எலும்பு மஜ்ஜையிலோ தைராய்டிலோ இருந்தால், அதன் விளைவு அந்த ஆளோடு முடிந்துவிடும். மிஞ்சிப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சற்றுக் கூடும், ஆனால் பிள்ளைக்கு அது போகாது, போக வழியே இல்லை. பிள்ளைக்குப் போக வேண்டுமானால் சேதம் நடப்பது விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ மாறப்போகும் செல்லில் இருக்க வேண்டும், அந்த செல் பிழைக்க வேண்டும், அந்தச் சேதம் சரிசெய்யப்படாமல் தங்க வேண்டும், லட்சக்கணக்கான செல்களில் குறிப்பாக அந்த ஒன்றே கருவாக மாற வேண்டும், அந்தக் கருவும் கலையாமல் பிறக்க வேண்டும். மரபுவழிப் பாதிப்பு என்று சொல்வது இதை மட்டும்தான். மூன்றாவது, ஏற்கெனவே கருவில் வளர்ந்துகொண்டிருக்கும் சிசுவின் மீது கதிர்வீச்சு நேரடியாகப் படுவது. அது மரபுவழிப் பாதிப்பு கிடையாது, இன்னொரு மனித உடம்பே நேரடியாகக் கதிர்வீச்சு வாங்கும் விஷயம். உங்களுக்கு ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைகளின் மரபணுவை இன்று நீங்கள் ஏற்றிக்கொள்ளும் மருந்து எந்த வகையிலும் தொடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உடம்புக்குள் போகும் மருந்து எவ்வளவு நேரம் இருக்கும்?

கதிரியக்க மருந்துகளை வைத்து ஸ்கேனும் சிகிச்சையும் செய்யும் துறைக்கு அணு மருத்துவம் என்று பெயர். அதில் செய்யப்படும் ஸ்கேன்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பயன்படுவது டெக்னீசியம்-99எம். இதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது 6 மணி நேரத்தில் பாதி, அடுத்த 6 மணி நேரத்தில் அந்தப் பாதியில் பாதி. பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், டெக்னீசியத்துக்கு அது இரண்டரை நாள். பெட் ஸ்கேனில் பயன்படும் ஃபுளோரின்-18 இன்னும் வேகம், அரை ஆயுள் 110 நிமிடம்தான், ஒரே நாளில் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131க்கு 8 நாள். சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் லுட்டீசியம்-177க்கு ஏறக்குறைய ஆறரை நாள்.

இது இயற்பியல் கணக்கு மட்டும். உடம்பு சும்மா இருப்பதில்லை. சிறுநீரகம் வழியாக மருந்தின் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது, அதனால் நிஜமான கால அளவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள் என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. சிறுநீர்ப்பைக்குப் பக்கத்திலேயேதான் பெண்களுக்குச் சினைப்பையும் கருப்பையும் இருக்கின்றன, ஆண்களுக்கும் விரைகள் அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. கதிரியக்கச் சிறுநீரைத் தேக்கிவைத்தால் அந்த உறுப்புகள் வாங்கும் டோஸ் (கதிர்வீச்சின் அளவு) கூடும். நீங்கள் உங்கள் கையாலேயே குறைத்துக்கொள்ளக் கூடிய டோஸ் இதுதான், அதனால் தயவுசெய்து இதை அசட்டையாக விடாதீர்கள்.

உடம்பை விட்டு வெளியேறாத கதிரியக்கப் பொருள் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 1930களிலிருந்து 1950கள் வரை, எக்ஸ்ரே படத்தில் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக தோரோட்ராஸ்ட் என்ற தோரியம் கரைசலை நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள், உடம்பும் அதை வெளியேற்றவில்லை, கல்லீரலிலேயே தங்கி ஆயுள் முழுக்க ஆல்ஃபா துகள்களைக் கக்கிக்கொண்டே இருந்தது. பத்து இருபது முப்பது வருடம் கழித்து அவர்களில் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. இன்று அணு மருத்துவத்தில் சில மணி நேரமோ சில நாளோ வாழும் பொருள்களையே தேர்ந்தெடுப்பதன் பின்னால் இந்த மாதிரி அனுபவங்கள் இருக்கின்றன.

டிஎன்ஏவுக்கு என்னதான் நடக்கிறது?

கதிர்வீச்சு இல்லாமலேயே நம் ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கான டிஎன்ஏ சேதங்கள் நடக்கின்றன. ஆக்சிஜனைப் பயன்படுத்தி வாழ்வதற்கு நாம் கொடுக்கும் விலை அது. அவற்றைச் சரிசெய்யும் நொதிகள் ஓயாமல் வேலை செய்கின்றன. கதிர்வீச்சின் தனித்தன்மை என்னவென்றால், அது டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் வெட்டிவிடக் கூடியது. ஒரு இழை மட்டும் அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம், இரண்டும் அறுந்தால் பழுது பார்ப்பது கடினம், அவசரத்தில் முனைகளைத் தவறாக ஒட்டிவிட வாய்ப்புண்டு. கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு கிரே. 1 கிரே அளவு காமா கதிர்வீச்சு ஒரு செல்லில் சுமார் 20 முதல் 40 வரை இப்படிப்பட்ட இரட்டை இழை வெட்டுகளை உண்டாக்கும். ஒரு எலும்பு ஸ்கேனில் சினைப்பைக்கோ விரைக்கோ கிடைப்பது ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிகிரே, அதாவது ஒரு கிரேயில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. கணக்குப் போட்டால் பத்துப் பதினைந்து செல்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் இப்படி ஒரு வெட்டு விழுகிறது. அதுவும் மணிக்கணக்கில் மெல்லப் பரவி.

எல்லாக் கதிர்களும் ஒரே மாதிரி இல்லை, இது கொஞ்சம் நுணுக்கமான இடம், ஆனால் தெரிந்துகொண்டால் நல்லது. காமா கதிர் உடம்பைக் கடந்து வெளியே போய்விடும், அதனால்தான் கேமராவில் படம் கிடைக்கிறது. அயோடின்-131 வெளியிடும் பீட்டா துகள் திசுவுக்குள் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் அளவே பயணிக்கும், தைராய்டுக்குள் சேர்ந்தால் தைராய்டைத்தான் அடிக்கும். ரேடியம்-223 போன்றவற்றின் ஆல்ஃபா துகள் ஒரு சில செல்களின் தூரத்துக்குள் நின்றுவிடும், ஆனால் அந்தக் குறுகிய தூரத்தில் பலமாக அடிக்கும். அப்புறம் ஓஜே எலக்ட்ரான் என்று ஒரு வகை இருக்கிறது. டெக்னீசியம்-99எம், அயோடின்-125, இண்டியம்-111 எல்லாம் இவற்றையும் வெளியிடுகின்றன. இவற்றில் பல ஒரு செல்லின் உட்கருவைக்கூடத் தாண்டாது. எனவே கதிரியக்க அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். செல்லுக்கு வெளியே இருந்தால் டிஎன்ஏவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டால் ஆல்ஃபா துகளுக்கு இணையான சேதம் நடக்கும், இதை ஆய்வகத்தில் அயோடின்-125ஐ டிஎன்ஏவுக்குள்ளேயே புகுத்திக் காட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரு புதிய மருந்தின் மரபணுப் பாதுகாப்பை எடைபோடும்போது மொத்த டோஸ் எவ்வளவு என்று பார்த்தால் மட்டும் போதாது, அந்த மூலக்கூறு உட்கருவுக்குள் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். வழக்கமான ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீசியம் மருந்துகள் டிஎன்ஏவைத் தேடிப் போகும்படி செய்யப்பட்டவை இல்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

ஆதாரமில்லாமல் வந்த பயம் இல்லை இது. 1927இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மீது எக்ஸ்ரே பாய்ச்சி, அவற்றின் சந்ததியில் மரபணுப் பிறழ்வுகள் கூடுவதைக் காட்டினார். 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுகள் விழுந்திருந்தன. அடுத்த தலைமுறை எப்படிப் பிறக்கும் என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது இயல்புதான்.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரஸ்ஸல், லியான் ரஸ்ஸல் தம்பதியர் லட்சக்கணக்கான எலிகளை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். எலிகளில் கதிர்வீச்சு மரபணுப் பிறழ்வை உண்டாக்கத்தான் செய்தது. இதை மறைக்கவோ மழுப்பவோ வேண்டியதில்லை. ஆனால் 1958இல் அவர்கள் வெளியிட்ட ஒரு முடிவு நம் விஷயத்துக்கு மிக முக்கியம்: அதே டோஸை ஒரே மூச்சில் கொடுக்காமல் நீண்ட காலம் மெதுவாகக் கொடுத்தபோது, விந்தணுக்களை உற்பத்தி செய்யும் மூல செல்களில் பிறழ்வுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. அவகாசம் கிடைத்தால் செல் பழுதுபார்த்துக்கொள்கிறது. உடம்புக்குள் ஏற்றும் கதிரியக்க மருந்து டோஸைக் கொடுப்பதும் இந்த மெதுவான முறையில்தான்.

மனிதர்கள் விஷயத்தில் முதல் பெரிய ஆய்வு ஜப்பானில் நடந்தது. அந்தக் காலத்தில் ஐந்து மாதம் ஆன கர்ப்பிணிகள் கூடுதல் உணவு ரேஷனுக்காகப் பதிவு செய்துகொள்வார்கள். ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் இருவரும் அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு, 1948 முதல் 1954 வரை அந்த இரு நகரங்களிலும் நடந்த சுமார் 77,000 பிரசவங்களை ஆராய்ந்தார்கள். பிறவிக் குறைபாடு, இறந்து பிறத்தல், பிறந்த சில நாளில் இறப்பு என எதிலும் பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் தெளிவான அதிகரிப்பு தெரியவில்லை. பின்னால் அந்தப் பிள்ளைகளின் குரோமோசோம்களையும் ரத்தப் புரதங்களையும் பார்த்தார்கள், அங்கேயும் தெரியவில்லை. 2021இல் அதே பழைய பதிவுகளைப் புதிய டோஸ் மதிப்பீடுகளோடு மறுபடி அலசியபோது, டோஸ் கூடக் கூடப் பாதிப்பும் சற்றுக் கூடுவது போன்ற ஒரு போக்கு தெரிந்தது, ஆனால் அதில் பெரும்பகுதி தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு மங்கலாகவே இருந்தது. பாதிப்பு பூஜ்யம் என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. இருந்தால் மிகச் சிறிது என்று காட்டுகின்றன. இந்த வித்தியாசத்தை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "ஒன்றுமே ஆகாது" என்று அடித்துச் சொல்பவர்களை நோயாளிகள் நம்புவதில்லை, நம்பாமல் இருப்பதும் நியாயம்தான்.

1990இல் பிரிட்டனில் மார்ட்டின் கார்ட்னர் என்ற ஆய்வாளர், செல்லாஃபீல்டு அணு நிலையத்தில் வேலை செய்த தந்தையர் வாங்கிய கதிர்வீச்சுக்கும் பக்கத்துச் சீஸ்கேல் கிராமக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதியபோது பெரும் பீதி கிளம்பியது. பிறகு வேறு இடங்களில் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை.

நேரடியாக டிஎன்ஏவையே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் காலம் வந்த பிறகு நடந்தது செர்னோபில் ஆய்வு. 1986இல் அங்கே நடந்த அணு உலை விபத்துக்குப் பின் சுத்தம் செய்யப் போனவர்கள், அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987 முதல் 2002 வரை பிறந்த 130 பிள்ளைகளின் முழு மரபணுத் தொகுதியையும் பெற்றோருடையதோடு ஒப்பிட்டார்கள். 2021இல் முடிவு வந்தது: பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றிய பிறழ்வுகளின் எண்ணிக்கை, பெற்றோர் வாங்கிய டோஸைப் பொறுத்துக் கூடவில்லை. புதிய பிறழ்வு என்பதே நம் எல்லோரிடமும் இருப்பதுதான், ஒவ்வொருவரும் சுமார் 60, 70 புதிய பிறழ்வுகளோடு பிறக்கிறோம், அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் செய்வதில்லை. அப்பாவின் வயது ஒவ்வொரு வருடம் கூடும்போதும் அதில் ஒன்றிரண்டு சேர்கிறது. அந்த வயது விளைவு செர்னோபில் தரவிலும் தெளிவாகத் தெரிந்தது, கதிர்வீச்சின் விளைவுதான் தெரியவில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு எல்லாவற்றையும் விட ஆறுதலாகத் தோன்றுவது. சிறு வயதில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சுச் சிகிச்சையும் எடுத்து, குணமாகி, வளர்ந்து, பெற்றோர் ஆனவர்களின் 4,699 பிள்ளைகளைப் பற்றியது. அந்தப் பெற்றோர்களில் சிலருடைய சினைப்பையும் விரைகளும் ஸ்கேனில் கிடைப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் டோஸ் வாங்கியவை. அவர்களுடைய பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடுகள் கூடவில்லை.

எலியில் தெரிந்தது மனிதர்களிடம் ஏன் தெரியவில்லை?

நியாயமான கேள்வி. ஒரு காரணம் டோஸ்: எலிகளுக்குக் கொடுத்தது பல கிரே அளவு. இன்னொரு காரணம் ஆழமானது. எலி ஆய்வில் பார்த்தவை ரோமத்தின் நிறம் போன்ற, மாறினாலும் உயிருக்கு ஆபத்தில்லாத சில குறிப்பிட்ட மரபணுக்கள். கதிர்வீச்சு பெரும்பாலும் ஒரு எழுத்தை மாற்றுவதில்லை, டிஎன்ஏவில் பெரிய துண்டுகளையே வெட்டி எடுத்துவிடுகிறது. எழுத்துப்பிழை உள்ள புத்தகத்தைப் படித்துவிடலாம், நடுவில் நாலு அத்தியாயம் கிழிந்துபோன புத்தகம் அச்சகத்தை விட்டே வெளியே வராது. அதே போல, பல மரபணுக்களை ஒருசேர இழந்த கரு பெரும்பாலும் மிக ஆரம்பத்திலேயே, பல நேரம் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே நின்றுவிடும். உயிரோடு பிறக்கும் குழந்தையிடம் அந்தச் சேதம் காணக் கிடைப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு 2001இல் தன் மதிப்பீட்டில் இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

இந்த மாற்றம் பாதுகாப்பு விதிகளிலும் தெரிகிறது. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம், உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் கதிர்வீச்சு ஆபத்தில் எவ்வளவு பங்கு என்று ஒரு எண் கொடுக்கும். இனப்பெருக்க உறுப்புகளுக்கு 1977இல் 0.25, 1990இல் 0.20, 2007இல் 0.08. மனிதர்களிடமிருந்து வந்த ஆதாரம் சேரச் சேர மரபுவழி ஆபத்தின் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

இப்போது எண்களை நம் கையில் எடுப்போம். மனிதர்களிடம் பாதிப்பு தென்படவில்லை என்றாலும், எலித் தரவை வைத்து எச்சரிக்கையாக அதே ஆணையம் ஒரு சீவர்ட்டுக்கு (கதிரின் வகையையும் சேர்த்துப் பாதிப்பை அளக்கும் அலகு) 0.2 சதவீதம் என்று மரபுவழி ஆபத்தைக் கணக்கிடுகிறது. இந்த மருந்துகளின் காமா, பீட்டா கதிர்களுக்கு ஒரு கிரேயும் ஒரு சீவர்ட்டும் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளலாம். பெட் ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்தால் சினைப்பைக்கோ விரைக்கோ கிடைப்பது வழக்கமாக 4 அல்லது 5 மில்லிகிரே. சிடி ஸ்கேனும் சேர்த்து எடுத்தால் அதன் பங்கு தனி. அந்த 5 மில்லிகிரேவுக்குக் கணக்கிட்டால் ஒரு லட்சத்தில் ஒன்று வருகிறது. எந்தக் கதிர்வீச்சும் படாத தம்பதியருக்கே நூறு பிரசவங்களில் சுமார் மூன்றில் ஏதாவது ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது, அதாவது ஒரு லட்சத்தில் 3,000. அந்த 3,000 கணக்குப்படி 3,001 ஆகிறது. எந்த ஆய்வாலும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் இது. இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அயோடின் சிகிச்சை

ஸ்கேனை விட இங்கே டோஸ் நிஜமாகவே அதிகம், எனவே தனியாகப் பேச வேண்டும். தைராய்டு புற்றுநோய்க்கு 100 மில்லிகியூரி (ஏற்றும் மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொடுத்தால் சினைப்பைக்குக் கிடைப்பது சுமார் 140 மில்லிகிரே. மேலே சொன்ன கணக்கின்படி பத்தாயிரத்தில் மூன்று பேருக்குக் கூடுதல் ஆபத்து, எப்படியும் இருக்கும் பத்தாயிரத்தில் 300 பேரோடு இது சேரும். நிஜத்தில் அதுவும் தெரியவில்லை. பிரான்சில் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களின் 2,673 கர்ப்பங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். கதிரியக்க அயோடினுக்குப் பின் வந்த கர்ப்பங்களில் கருச்சிதைவோ, குறைப்பிரசவமோ, பிறவிக் குறைபாடோ அதனால் கூடியதாகத் தெரியவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கொடுக்கும் அயோடின் இதைவிட மிகக் குறைந்த அளவு, எனவே அங்கே கவலை இன்னும் குறைவு.

அப்படியென்றால் சிகிச்சைக்குப் பின் பெண்கள் குறைந்தது 6 மாதம், சில நேரம் ஒரு வருடம் வரை, ஆண்கள் 3, 4 மாதம் குழந்தைக்குத் திட்டமிட வேண்டாம் என்று ஏன் சொல்கிறார்கள்? விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் விந்தணுவுக்குப் பழுதுபார்க்கும் திறன் கிட்டத்தட்ட இருப்பதில்லை, டிஎன்ஏவைச் சுருக்கி மடித்து வைத்துவிட்டது, இனி எதையும் திருத்த முடியாது. சிகிச்சை நேரத்தில் அந்தக் கட்டத்தில் இருந்தவை எல்லாம் மூன்று மாதத்தில் வெளியேறிவிடும், அதன் பிறகு வருபவை பழுதுபார்க்கும் திறன் உள்ள மூல செல்களிலிருந்து புதிதாகப் பிறந்தவை. பெண்களுக்கு முட்டைகள் பிறக்கும்போதே இருக்கின்றன, ஆனாலும் முதிர்ச்சிக்குத் தயாராகும் கடைசி மாதங்களில்தான் அவை அதிகம் பாதிக்கப்படக் கூடியவை. அவை போகட்டும் என்று காத்திருப்பது ஒரு காரணம். மறுபடி ஒரு டோஸ் தேவைப்படுமா என்று தெரிந்துகொள்வதும், தைராய்டு ஹார்மோன் அளவு சீராவதும் அதே அளவு முக்கியமான காரணங்கள். தாயின் தைராய்டு அளவு சரியில்லாமல் கருத்தரித்தால் அதுவே குழந்தையைப் பாதிக்கும், அதற்குக் கதிர்வீச்சே தேவையில்லை.

ஆண்களுக்குச் சிகிச்சைக்குப் பின் சில மாதம் விந்தணு எண்ணிக்கை குறையலாம், பெண்களுக்கு முதல் வருடத்தில் மாதவிடாய் முன்பின் ஆகலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இது குழந்தை உண்டாகும் திறனைப் பற்றியது, மரபணுவைப் பற்றியது இல்லை. திரும்பத் திரும்ப அதிக அளவு அயோடின் தேவைப்படும் நிலை வந்தால், அதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உண்மையான எச்சரிக்கை கர்ப்ப காலத்துக்குத்தான். 10 முதல் 12 வாரத்துக்குள் கருவின் தைராய்டு அயோடினை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அப்போது தாய்க்குக் கொடுக்கும் அயோடின்-131 நஞ்சுக்கொடியைக் கடந்து போய்க் குழந்தையின் தைராய்டையே அழித்துவிடும். எனவே கர்ப்பம் இல்லை என்று சோதனையில் உறுதி செய்யாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால், சந்தேகம் இருந்தால், யார் பக்கத்தில் நின்றாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மாறாக, கர்ப்பம் என்று தெரியாமல் ஒரு டெக்னீசியம் ஸ்கேன் எடுத்துவிட்டவர்கள் பதறிப்போய்க் கருவைக் கலைக்க ஓட வேண்டாம். அதில் கருவுக்குக் கிடைப்பது பொதுவாக ஒரு சில மில்லிகிரேதான். 100 மில்லிகிரேவுக்குக் குறைவான டோஸைக் காரணம் காட்டிக் கருக்கலைப்பு செய்வது நியாயமில்லை என்று சர்வதேச ஆணையமே சொல்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனையாவது வாரம் என்ற விவரத்தோடு அணு மருத்துவ நிபுணரைப் பார்த்தால் அவர் கணக்கிட்டே சொல்லிவிடுவார்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் அயோடின்-131 எடுப்பதற்கு ஆறு வாரம் முன்பே பாலூட்டுவதை நிறுத்த வேண்டும், பால் சுரக்கும் மார்பகம் அயோடினை இழுத்துக்கொள்ளும் என்பதால். அந்தக் குழந்தைக்கு மறுபடி தொடங்கக் கூடாது, அடுத்த குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஸ்கேன் மருந்துகளில் சிலவற்றுக்குச் சில மணி நேர இடைவெளி போதும், சிலவற்றுக்கு அதுவும் தேவையில்லை, எது எப்படி என்று ஊசி போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிதாக வரும் கதிரியக்க மருந்துகளின் அட்டையில் கருத்தடைக் காலம் என்று ஒரு எண் இருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயமாக இருக்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டிஎன்ஏவைத் தாக்கக் கூடிய புற்றுநோய் மருந்துகள் எல்லாவற்றுக்கும், கதிரியக்கம் இல்லாத கீமோ மருந்துகளுக்கும் சேர்த்து, ஒரே சூத்திரம் வைத்திருக்கிறது: மருந்து உடம்பை விட்டுப் போக ஐந்து அரை ஆயுள், அதற்கு மேல் பெண்களுக்கு 6 மாதம், ஆண்களுக்கு 3 மாதம். லுட்டீசியம்-177க்கு ஐந்து அரை ஆயுள் சுமார் ஒரு மாதம், எனவே நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்குக் கொடுக்கும் லுட்டீசியம் மருந்தில் பெண்களுக்கு 7 மாதம், ஆண்களுக்கு 4 மாதம் என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குக் கொடுத்த மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.